பம்பு செட் அறையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதில் எதற்கு என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும். கோவையில் கல்லூரியில் படித்தபோது மூடிக் கிடந்த பஞ்சாலைகள், புகைபோக்கிகள், பழைய பட்டறைகள் என்று தேடித் தேடிப் படமெடுத்திருக்கிறீர்கள். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆகி, நிக்கான் டி90 கேமரா அலமாரிக்குள் போய்விட்டது. இப்போது மாற்றலாகி தருமபுரிக்கு வந்திருக்கிறீர்கள், கை மறுபடி அரிக்கிறது. ஆனால் "இந்தப் பக்கம் ஆலையே இல்லை, பாழடைந்த ஆலை எங்கிருந்து வரும்? பழைய ஆர்வம் திரும்புமா?" என்று கேட்கிறீர்கள். கூடவே, ஃபிலிமுக்கு மாறலாமா என்றும்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். இரண்டு மாவட்டத்திலும் இந்த மாதிரி இடங்களுக்காகவே சுற்றுகிறவன். நீங்கள் சொல்வது பாதி சரி. கோவை போல நூறு வருஷத்துப் பஞ்சாலைகள் இங்கே கிடையாது. 1965இல் தனி மாவட்டம் ஆகும்வரை தருமபுரி என்பது சேலத்தின் வறண்ட வடக்குப் பகுதி, அவ்வளவுதான். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்ததே 2004இல். பெருந்தொழில் என்று வந்தது ஓசூருக்கு, அதுவும் 1970களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு. ஆனால் தொழிலே இல்லாத பூமி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள்.

இந்த ஊர்களின் குணம் ஒன்று உண்டு. இங்கே எதையும் முழுசாகக் கைவிட மாட்டார்கள். மூடிய ஆலையின் எடைமேடையில் கேழ்வரகு காயும். ஓடு சரிந்த கிடங்கில் யாராவது ஆடு கட்டியிருப்பார்கள். திரை கிழிந்த சினிமாக் கொட்டகையில் முன்பக்கம் மட்டும் வாடகைக்கு விடப்பட்டு பிளாஸ்டிக் சாமான் கடை நடக்கும். வாட்ச்மேன் குடும்பத்தோடு உள்ளேயே இருப்பார், அவர் வீட்டுத் துளசி மாடம் பழைய ஜெனரேட்டர் மேடைமேல் இருக்கும். மேல்நாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய கண், ஆளில்லாத பெரிய கூடத்தையும் மேலேயிருந்து விழும் ஒரு கற்றை வெளிச்சத்தையும் தேடும். அதைத் தேடிப் போனால் இங்கே ஏமாற்றம்தான். ஒரு வேலை நின்ற இடத்தில் இன்னொரு வேலை எப்படி வந்து உட்கார்ந்தது என்று பார்க்க ஆரம்பித்தால், வாரக் கடைசி போதாது.

உங்கள் ஆர்வம் ஏன் வற்றியது என்பதற்கு என் ஊகம்: பாழை எடுத்தீர்கள், அங்கே நடந்த வேலையை எடுக்கவில்லை. துரு, உடைந்த கண்ணாடி, உரிந்த சுண்ணாம்பு என்று பத்து இடம் எடுத்தால் பதினோராவது இடமும் அதே படமாகத்தான் வரும். அங்கே என்ன செய்தார்கள், எந்த இயந்திரம் எங்கே நின்றது, சரக்கு எந்தக் கதவு வழியாக வந்து எந்தக் கதவு வழியாகப் போனது என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு இடமும் வேறு இடம்.

அதனால் பெரிய ஆலையைத் தேட வேண்டாம். பம்பு செட் அறையிலிருந்து தொடங்குங்கள்.

சிரிக்காதீர்கள். தருமபுரியை விட்டு எந்தச் சாலையில் வெளியே போனாலும் கிணற்று மேட்டில் சின்னதாக ஒரு அறை நிற்கும். செங்கல்லோ கருங்கல்லோ, மேலே ஓடோ கல் பலகையோ. பாதிக்கு மேல் இப்போது உபயோகத்தில் இல்லை. உள்ளே போனால் முதலில் தரையைப் பாருங்கள். சிமெண்டில் ஒரு மேடை, அதிலிருந்து நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். ஆயில் எஞ்சின் உட்கார்ந்திருந்த இடம் அது. அதற்கு நேரே சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கரி. புகைக்குழாய் போன வழி. அதே சுவரில் கொஞ்சம் தள்ளி மரப்பலகை, பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், ஸ்டார்ட்டர் மாட்டிய ஆணித்துளைகள். மின்மோட்டார் வந்த காலம் அது. 1990 வாக்கில் விவசாயத்துக்கு எல்லோருக்கும் மின்சாரம் இலவசம் என்று ஆனதும் எஞ்சின்கள் வேகமாகப் பழைய இரும்புக்குப் போயின. மூன்றாவது காலம் அறைக்கு வெளியே இருக்கும்: கிணற்றைக் கண்டுகொள்ளாமல் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிய போர்வெல், அதிலிருந்து நேராக வயலுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய். அந்த அறைக்கு அப்புறம் வேலையே இல்லை.

சுவரையும் விடாதீர்கள். கூட்டுக் கிணறாக இருந்தால் யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறைக்கணக்கு கரித்துண்டால் எழுதியிருக்கும். சித்தப்பா பங்கு, பெரியப்பா பங்கு, விடிகாலை முறை, ராத்திரி முறை. சில அறைகளில் டீசல் வாங்கிய கணக்கும் இருக்கும். ஒரு வட்டாரத்தின் விவசாயம் எப்படி எஞ்சினுக்கும், மோட்டாருக்கும், அப்புறம் ஆழ்துளைக்கும் மாறியது என்பதை இவ்வளவு சின்ன அறையில் பார்க்கலாம் என்றால், அதை விட்டுவிட்டு ஏன் இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு புகைபோக்கிக்குப் போக வேண்டும்?

எடுக்கும் முறைக்கு ஒரு வழிகாட்டி உண்டு. ஜெர்மனியில் பெர்ண்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று ஒரு தம்பதி. 1959இல் தொடங்கி பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், சுரங்கக் கோபுரங்கள், எரிவாயுத் தொட்டிகள் என்று தொழிற்கூடக் கட்டுமானங்களை மட்டுமே எடுத்தார்கள். எல்லாப் படமும் ஒரே மாதிரி: கறுப்பு வெள்ளை, மேகமூட்டமான வானம், நிழலே விழாத வெளிச்சம், கட்டுமானம் படச் சட்டத்தின் நடுவில், சாய்வில்லாமல் நேராக. பிறகு ஒரே வகைப் பொருளின் படங்களை ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று கட்டம் கட்டி வரிசையாக மாட்டுவார்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணம். சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் அடிக்கும். 1990இல் வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான விருதைக் கொடுத்தார்கள், படமெடுத்ததற்குச் சிற்ப விருது! டியூசல்டார்ஃப் கலைக்கழகத்தில் பெர்ண்டிடம் படித்தவர்கள்தான் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியும் தாமஸ் ஸ்ட்ருத்தும் கேண்டிடா ஹோஃபரும்.

இதை அப்படியே பம்பு செட் அறைக்குப் பொருத்துங்கள். ஒரே தூரம், ஒரே உயரம், கதவு இருக்கும் பக்கம் எப்போதும் முன்னால். மேகம் வேண்டுமென்றால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாருங்கள். தென்மேற்குப் பருவ மேகம் இந்தப் பக்கம் பல நாள் மழையாகக் கொட்டாமல் வெறுமனே மூடிக்கொண்டு நிற்கும். விவசாயிக்கு அது வயிற்றெரிச்சல், உங்களுக்கு வசதி. வெளியே ஒரு படம், உள்ளே எஞ்சின் மேடை ஒரு படம், சுவர் ஒரு படம். இருபது அறை சேர்ந்ததும் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். எனக்கு ஆர்வம் திரும்பியது இப்படித்தான்.

பெஷர் தம்பதியிடம் நான் ஏற்காதது ஒன்று உண்டு. அவர்கள் ஆட்களைப் படச் சட்டத்துக்குள் விடவே மாட்டார்கள். நம் ஊரில் அது பொய்யாகிவிடும். ஆடு நின்றால் ஆடு நிற்கட்டும், வைக்கோல் அடைத்திருந்தால் அதுவும் இருக்கட்டும். சுத்தம் செய்யாதீர்கள்.

அடுத்தது மாங்கூழ் தொழிற்சாலை. கிருஷ்ணகிரி வட்டாரத்தின் விசேஷம் இது. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் இரவு பகலாக ஓடும், மீதி நாள் பூட்டியே கிடக்கும். பழுதும் இல்லை, பாழும் இல்லை, அடுத்த பழம் வரும்வரை தூக்கம். இதில் நிரந்தரமாகவே தூங்கிப்போனவையும் இருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பருவம் இல்லாத நாளில் போனால் வரிசை புரியாது, அதனால் வேலையின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். லாரி முதலில் எடைமேடையில் ஏறும். பெங்களூரா ரக மாங்காய் இறங்கி, பழுக்க வைக்கும் கொட்டகையில் பரப்பப்படும். பழுத்ததும் தண்ணீர்த் தொட்டியில் கழுவல், நகரும் பட்டையில் தரம் பிரித்தல், காம்பு நீக்கல், அப்புறம் கூழ் இயந்திரம். சல்லடை வழியாகக் கூழ் ஒரு பக்கம், தோலும் கொட்டையும் மறுபக்கம். கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கி டின்னில் அடைத்து மூடுவார்கள், அல்லது பீப்பாய்க்குள் இருக்கும் பையில் நிரப்புவார்கள். தோலும் கொட்டையும் பின்பக்க வாசல் வழியாக வெளியே போகும்.

இந்த ஒழுங்கு தலையில் இருந்தால் காலியான கட்டடம் பேச ஆரம்பிக்கும். எடைமேடை அறையின் கரும்பலகையில் கடைசியாக எழுதிய விலை அழியாமல் இருக்கும். கழுவும் தொட்டியின் உட்பக்கம் மஞ்சள் கோடு, தண்ணீர் நின்ற மட்டம். பிளாஸ்டிக் கிரேட் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கி, ஒவ்வொரு அடுக்கும் வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். பின்பக்கம் போங்கள், கொட்டை கொட்டிய இடத்தில் மழைக்கு முளைத்த மாங்கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நெருக்கமாக நிற்கும், யாரும் நடாத தோப்பு. நான் பார்த்தவரை அந்தப் பின்பக்கத்தைத்தான் யாரும் எடுப்பதில்லை. எல்லோரும் இயந்திரத்தின் பளபளப்பிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அனுமதி கேட்பதற்கும் நேரம் இருக்கிறது. மே, ஜூனில் போய்க் கேட்டால் துரத்துவார்கள், நியாயம்தான். பருவம் முடிந்து கணக்கெல்லாம் முடித்து ஆட்கள் போன பிறகு, செப்டம்பரில் போனால் மேனேஜரே டீ வாங்கித் தருவார். அதே ஆலையை அடுத்த மே மாதம் ஓடும்போதும் எடுக்க முடிந்தால், இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

சர்க்கரை ஆலைகளும் பருவத்துக்கு ஓடுபவைதான். பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவு ஆலை, அரூர் பக்கம் கோபாலபுரத்தில் இன்னொன்று. உள்ளே விடுவது அரிது, கடிதப் போக்குவரத்திலேயே ஒரு வருஷம் போகும். வெளியிலிருந்து, கரும்பு வண்டிகள் நிற்கும் மைதானம் காலியாக இருக்கும்போது எடுக்கலாம். அதற்கு மேல் அதில் மெனக்கெட வேண்டாம்.

கல்குவாரி வேறு கதை. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் வெட்டிய கிரானைட் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அலை அலையாக வரியோடிய 'பாரடைசோ' வகை இந்த வட்டாரத்துச் சரக்கு. வெட்டி முடித்துவிட்ட குவாரிகளில் சுவரை நெருங்கிப் பாருங்கள். மேலிருந்து கீழாக, அரைக்குழாய் போல, ஒரே இடைவெளியில் கோடுகள் ஓடும். வரிசையாகத் துளை போட்டு ஆப்பு அடித்துப் பிளந்த காலத்தின் தடம் அது. வேறொரு பக்கம் சுவர் கத்தியால் சீவியது போல மழமழவென்று இருந்தால், அது வைரக் கம்பி ரம்பம் வந்த பிறகு அறுத்தது. ஒரே குவாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஏற்றுமதிக்குத் தேறாமல் ஒதுக்கிய பாளங்கள் வெளியே கிடக்கும், அவற்றின்மேல் நீளம், அகலம், உயரம் சிவப்புப் பெயிண்டில். ஒரு முடிக்கோடு விரிசலுக்காக ஒரு லாரி எடைக் கல்லைத் தள்ளியிருப்பார்கள், அந்த விரிசலைத் தேடி எடுங்கள். மழை நின்ற அரைமணி நேரத்துக்குள் போனால் கல்லின் நிறமும் வரியும் முழுசாகத் தெரியும், காய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல்.

இதில் நான் கறாராகச் சொல்வது ஒன்று. குவாரிக் குட்டைத் தண்ணீர் பக்கம் இறங்கவே கூடாது. பச்சையாக, அழகாக இருக்கும். ஏரி போலச் சரிவாக இறங்காது, ஓரத்திலேயே பல ஆள் ஆழம், பிடித்து ஏற விளிம்பு கிடையாது. நீச்சல் தெரிந்தவர்களே செத்திருக்கிறார்கள். விளிம்பில் டிரைபாட் வைத்துவிட்டு பின்னால் நகர்ந்து சட்டம் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், குவாரியை விட்டுவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் என்றால் யானையையும் கணக்கில் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவத்தை ஒட்டி, கேழ்வரகு விளையும் நேரத்தில், கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். விடிகாலை வெளிச்சம், அந்தி வெளிச்சம் என்று நாம் ஆசைப்படும் நேரம்தான் அவை நடமாடும் நேரமும். அந்த மாதங்களில் ஒன்பது மணிக்கு மேல் போய் நாலு மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. உள்ளூர்க்காரர் "இன்னிக்கு வேணாம்ணா" என்றால் மறுபேச்சு வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள்.

இனி எனக்குப் பிடித்த விஷயம், தண்டவாளமே இல்லாத ரயில். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை என்று இன்று எல்லோரும் குறைப்படுகிறோம், ஒரு காலத்தில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒரு குறுகிய பாதை வந்தது. அகலம் 2 அடி 6 அங்குலம், ஒரு குழந்தை கால் அகட்டி நிற்கிற அளவு. அடுத்த வருஷம், 1906இல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அதே அகலத்தில் இன்னொன்று. அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் அடிக்கடி வந்த பூமி, தானியம் உள்ளே வர வழி வேண்டும் என்பதுதான் இவற்றைப் போட்டதற்குச் சொன்ன காரணம். லாபம் தரவில்லை. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, 1941இல், இரண்டையும் மூடினார்கள், தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தருமபுரி, ஓசூர் வழியாக இன்று போகும் சேலம்–பெங்களூர் பாதை அதற்கு ரொம்பப் பின்னால் வந்தது.

இதை எப்படிப் படமெடுப்பது என்று கேட்பீர்கள். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஸ்டேஷன் கட்டடம் சிலந்திவலையோடு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய நில அளவை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வயல் வரப்புகள் எல்லாம் ஒரு திசையில் போக, ஒரு கோடு மட்டும் அவற்றைச் சட்டை செய்யாமல் நீண்ட வளைவாகப் போனால் அது சந்தேகத்துக்குரியது. ரயில் சட்டென்று திரும்பாது, ஏற்றமும் சட்டென்று ஏறாது, அதனால் மேடான இடத்தில் வெட்டியிருப்பார்கள், தாழ்வான இடத்தில் மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில்தான் நல்ல வாய்ப்பு: மாட்டுவண்டிப் பாதைக்குத் தேவையே இல்லாத அளவுக்குக் கனமான, கொத்திச் சீர் செய்த கல்லால் ஒரு சின்னப் பாலமோ மதகோ நின்றால் இறங்கிப் பாருங்கள். அந்தந்த ஊர்த் தாத்தாக்களிடம் கேட்டால் "எங்கப்பா அதுல போயிருக்காரு" என்று தொடங்குவார்கள். அந்தப் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள், படத்தைவிட அதற்கு ஆயுள் குறைவு. இது முடிய வருஷக்கணக்கில் ஆகும், முடியாமலே போகலாம். ஆர்வம் வற்றாமல் இருக்க இந்த மாதிரி நீளமான வேலை ஒன்று கையில் இருப்பது நல்லது.

அவசரம் என்று பார்த்தால் ஓசூர். அங்கே நிலத்தின் விலை பாழை நிற்க விடாது. 1980 வாக்கில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், கொஞ்சம் பின்னால் டைட்டன் என்று பெரியவர்கள் வந்ததும், அவர்களை நம்பிச் சின்னச் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. லேத், வார்ப்பு, ஸ்பிரிங், முலாம் பூசுதல். அந்தத் தலைமுறைப் பட்டறைகள்தான் இப்போது மூடுகின்றன. வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்த சாய்வான கூரை, கையால் எழுதிய பெயர்ப்பலகை, கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று வெளுத்துப்போன தகரம். இந்த வருஷம் பூட்டிக் கிடப்பது அடுத்த வருஷம் அடுக்குமாடியாக நிற்கும். எங்கே என்ன மூடுகிறது என்று தெரிய பழைய இரும்புக் கடைக்காரர்களைப் பழகி வையுங்கள், அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஓசூர் வாட்ச்மேன் தெலுங்கோ கன்னடமோ பேசுபவராக இருக்கலாம், இப்போது ஒடிசா, பீகார்க்காரர்களும் உண்டு. எந்த மொழியானாலும் வழி ஒன்றுதான். கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் முதலில் பேசுங்கள். உள்ளே எதற்கு என்று நேராகச் சொல்லுங்கள். யூட்யூபுக்கா, பேப்பருக்கா, கேஸுக்கா என்பதுதான் அவர் பயம். மூடிய கம்பெனிகளில் பாதிக்கு மேல் வங்கிக் கடன், பங்காளித் தகராறு, சம்பளப் பாக்கி என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் யாருடைய ஆள் என்று தெரியாமல் அவர் எப்படி விடுவார்? முடியாது என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விட்டால், அடுத்த முறை போகும்போது அவரையும் அவர் குடும்பத்தையும் எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது, கையில் கொடுக்க வேண்டும். சுவர் ஏறிக் குதித்து எடுக்கும் வீரத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அத்துமீறல் குற்றம் என்பது ஒரு பக்கம், ரயில்வே இடமென்றால் ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ உண்டு. அதைவிட, நீங்கள் குதித்துவிட்டுப் போனதற்கு அந்த வாட்ச்மேனின் வேலை போகும். ட்ரோன் ஆசை இருந்தால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பாதீர்கள், ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் விமானத்தளமே இருக்கிறது.

உள்ளே போனபின் ஆபத்து மேலேதான். கல்நார் ஷீட் கூரை பார்க்க உறுதியாக இருக்கும், ஆள் எடை தாங்காது, ஏறக் கூடாது. உடைந்து கிடந்தால் அதன் தூசியைக் கிளறவும் கூடாது. மூடிய தொட்டி, பாதாள அறை, கழிவுக் குழி எதற்குள்ளும் தலையை விடாதீர்கள், விஷவாயு தேங்கியிருக்கும். பம்பு செட் அறைக்குள் நுழையும்முன் குச்சியால் தரையைத் தட்டுங்கள், கட்டுவிரியனுக்கு அந்த இருட்டு ரொம்பப் பிடிக்கும். தனியாகப் போக வேண்டாம்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் சங்கடமானது. அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மூடிய கார்த் தொழிற்சாலைகளை உலகமே வந்து படமெடுத்தது. பார்த்து அந்த ஊர்க்காரர்கள் கொதித்தார்கள், எங்கள் வேலை போன இடம் உங்களுக்கு அலங்காரமா என்று. நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சமமான இடம் கோலார் தங்கவயல். மாநில எல்லை தாண்டினால் வந்துவிடும். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் போன சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதில் இறங்கியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள், நம் மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்களும் உண்டு. சுரங்கக் கோபுரம், சயனைடு மண்மேடு எல்லாம் படத்துக்கு அள்ளிக் கொடுக்கும். ஆனால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், பெங்களூருக்கு விடிகாலை ரயிலேறி வேலைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறவர்கள். அந்த ரயில் இல்லாத தங்கவயல் படத்தை என்னால் ரசிக்க முடியவில்லை. கிருஷ்ணகிரியில் பழைய பட்டறைக்குள் நிற்கும்போதும் இதே கேள்விதான்: இங்கே வேலை பார்த்தவர் இப்போது என்ன செய்கிறார்? முடிந்தால் அவரைக் கண்டுபிடித்து, அவர் நின்று வேலை பார்த்த இடத்திலேயே நிறுத்தி எடுங்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூச்சப்படுவார், லேத் இருந்த பக்கம் திரும்பியதும் கை தானாக அதன் உயரத்துக்குப் போகும்.

கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டி90 தாராளமாகப் போதும். எடுத்து முதலில் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிடி ரப்பர் உப்பியிருக்கலாம், பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். பேட்டரி செத்திருக்கும், புதுசு வாங்கிவிடுங்கள். ஐஎஸ்ஓ 200, துளை எட்டு, ட்ரைபாட், ரா கோப்பு. இருட்டு அறையும் வெளிச்ச ஜன்னலும் சேர்ந்து வரும் இடத்தில் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து வையுங்கள், சேர்க்கும்போது கைக்கட்டுப்பாடு வேண்டும். நிழலையெல்லாம் துடைத்துவிட்டு, துரு ஆரஞ்சுப் பழமாக ஜொலிக்கும் ஹெச்டிஆர் படங்கள் உங்கள் கல்லூரிக் காலத்து மோகம், அதை அங்கேயே விட்டுவிடலாம். கேமராவை மட்டமாக வையுங்கள், மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உள்ளே சாயும். உயரமான கட்டடத்துக்குப் பின்னால் தள்ளிப் போங்கள், அல்லது எதிர்வீட்டு மாடிக்கு அனுமதி கேளுங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நோட்டில் ஊர், தேதி, அங்கே என்ன தொழில், எப்போது நின்றது, யார் சொன்னது என்று எழுதுங்கள். சர்ச்சைக்குரிய இடமாக இருந்தால் வெளியே போடும்போது சரியான இடத்தைச் சொல்லாதீர்கள், மறுவாரமே செம்புக் கம்பி திருடப் போவார்கள்.

ஃபிலிம் கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம். ரோல் விலை, கழுவுகிற கூலி, பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து, படத்துக்குக் கணக்குப் பார்க்க வைத்துவிடும். கை மறுபடி பழகுகிற நேரத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது. பம்பு செட் வரிசையில் ஒரு சுற்று முடித்த பிறகு, அப்போதும் ஆசை இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் ஒரு பழைய நிக்கான் எஃப்எம்10 ஃபிலிம் கேமரா சும்மா கிடக்கிறது, வாங்கிக்கொண்டு போய் ஒரு ரோல் போட்டுப் பாருங்கள்.